டாக்டரம்மா சொல்லாத சொல்

என் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். என் கணவரின் முகத்தைப் பார்த்து, டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னேன்.

பொய்! கலப்படமே இல்லாத பொய்.

இத்தனை காலம் மூடி வைத்ததை உங்களிடம் ஏன் திறக்கிறேன்? உங்களால் என்னை மன்னிக்க முடியாது. மன்னிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிவு வருகிறதோ, என்னவோ...

எங்களுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. என் கணவரும் அவர் தம்பியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ஊன்றிய கடை. கடைக்குப் பின்தெருவில் வீடு. அங்கே நாங்கள் இருவர், என் மாமியார், அப்போது கல்யாணமாகாத கொழுந்தன். பத்து வருடத்துக்கு மேலாகியும் எனக்குக் குழந்தை இல்லை. இருந்ததெல்லாம் ரத்தம்.

மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். விசேஷ வீடுகளில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார அஞ்சிச் சுவரோரம் நின்றுகொண்டே இருப்பேன். ஒருமுறை பஸ்ஸில், புடவை நனைந்துவிட்டது என்று தெரிந்ததும், இறங்கவேண்டிய இடத்தில் எழுந்திருக்கவே இல்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போகும்வரை, ஜன்னலைப் பார்த்தபடி, கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் கொடுமைக்காரரா? அப்படி இருந்திருந்தால் என் பாவம் எவ்வளவு இலேசாகியிருக்கும்! கறைபட்ட விரிப்புகளை, தாயார் விழிக்கும் முன் எழுந்து, கொல்லைக் குழாயடியில் அவரே அலசிப் போடுவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் எப்போதாவது எனக்கு நாள் தள்ளிவிட்டால் போதும், அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டார். பாண்டி பஜாரிலிருந்து மாதுளம்பழம் வரும். சத்தமில்லாமல் அதை என் பக்கத்தில் வைப்பார். பிறகு ஒருநாள் எல்லாம் உடைந்து கொட்டும். அந்த வெளிச்சம் அணைவதை நான் பார்க்காதபடி திரும்பிக்கொண்டு சொல்வார்:

"போவட்டும் வடிவு. அடுத்த மாசம் பாப்போம்."

அடுத்த மாசம்... அடுத்த மாசம்... அதைக் கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ செத்துக்கொண்டே வந்தது.

மயிலாப்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அறைச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணப் படம். அளவான பிள்ளைகளோடு அளவாகச் சிரிக்கும் ஒரு குடும்பம். அவர் என் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கர்ப்பப்பையில கட்டிகள் இருக்கும்மா. பயப்படாதீங்க, புற்றுநோய் மாதிரித் தெரியலை. கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அப்புறம் குழந்தை உண்டாக வழியிருக்கு. நிச்சயமா உண்டாகும்னு சொல்ல மாட்டேன். கட்டி திரும்பவும் வரலாம். இல்லேன்னா கர்ப்பப்பையையே எடுத்துடலாம், இந்தத் தொல்லை அதோட தீர்ந்துடும். உங்க வீட்டுக்காரரோட கலந்து பேசிட்டு வாங்க."

கலந்து பேசிட்டு வாங்க! எவ்வளவு எளிய காரியம்...

என் கணவர் வெளியே, வாசல் மரத்தடியில் நின்றிருந்தார். அந்த அறைக்கும் மரத்தடிக்கும் நடுவே ஒரு நடைதான். அதைக் கடப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கட்டியை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? மாதுளம்பழம் திரும்ப வரும். அந்த வெளிச்சம் திரும்ப வரும். அணையும். எனக்கு அப்போது குழந்தை வேண்டியிருக்கவில்லை. ஓய்வு வேண்டியிருந்தது.

"என்ன சொன்னாவ?" என்று ஓடி வந்தார்.

"கர்ப்பப்பைய எடுத்தே ஆவணுமாம். இல்லேன்னா உயிருக்கே ஆபத்தாம்."

மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துருவோம். எனக்கு நீ இருந்தாப் போதும்" என்றார்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டில் மாமியார் அழுதார். "வேற டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிப் பாக்கலாம்லா ஐயா?" என்று மகனிடம் கெஞ்சினார். தாயை ஒரு சொல் எதிர்த்துப் பேசியறியாதவர் அன்று கத்தினார்: "அவ உயிர வச்சு வெளயாடச் சொல்லுதியா?" மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

கையெழுத்துப் போடப் போன அன்று டாக்டரம்மா கேட்டார்: "ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிக்க என்னம்மா இருக்கு? எங்களுக்கு வேற வழியில்லயே" என்றார் இவர்.

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்காகக் காத்திருந்தது. சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று... நான் தலையைக் குனிந்துகொண்டேன். காகிதம் இவர் பக்கம் நகர்ந்தது.

எல்லாம் முடிந்து நான் கண் விழித்தபோது, ஆயா ஒருத்தி வாளியோடு வந்தாள். "இன்னாம்மா, எத்தினி புள்ளைங்க உனுக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"புள்ள இல்லம்மா. இவ பொழச்சாளே, அதுவே போதும்" என்று இவர் பதில் சொன்னார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நான் மகிழ்ச்சியாக இருந்தேன்! வெளிறிய நிறத்தில் புடவை கட்டினேன். படியேறினேன். உறங்கினேன். இவருக்கு இரண்டாங்கல்யாணப் பேச்சு வந்தபோது, "இனி இந்தப் பேச்ச எடுத்தா நான் வீட்டுக்கே வரமாட்டேன்" என்று இவர் சொன்னதைச் சுவருக்கு இப்பால் நின்று கேட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

கொழுந்தனுக்குக் கல்யாணமாயிற்று. அவர் மனைவி செல்விக்கும், என்ன விதியோ, அதே கட்டிகள். அதே டாக்டரம்மா கட்டிகளை மட்டும் எடுத்தார். இரண்டு வருடம் கழித்துச் செல்விக்குப் பெண் பிறந்தது. அந்தப் பிஞ்சைப் பார்த்துவிட்டு வரும் வழியில் இவர் மெல்லக் கேட்டார்:

"செல்விக்குக் கட்டிய மட்டும்தான் எடுத்தாவளாமே... உனக்கு ஏன் அப்பிடிச் செய்யல?"

"என்னோடது ரொம்பப் பெருசு. எடுக்க முடியாதுன்னுட்டாவ."

இரண்டாவது பொய். முதலாவதைவிட எளிதாக வந்தது.

"அதான பாத்தேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பினாரா? நம்ப விரும்பினாரா? அதை அறிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இன்றுவரை இல்லை.

எனக்கும் பிறந்திருக்குமா? தெரியாது. பிறக்காமலும் போயிருக்கலாம். என் உடம்பைப் பற்றி நான் முடிவெடுத்தது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால், "என்னால முடியல, போதும்" என்று அந்த மரத்தடியில் அழுதிருந்தால், அவர் சரியென்றுதான் சொல்லியிருப்பார். அப்போதே அது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் ஏமாற்றினேன். அவர் வாயால் சரி என்று சொல்லும்போது அணையப்போகும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சின்னக் காரணம்!

ஆபரேஷன் நடந்தது ஓர் ஆடி மாதத்தில். அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் ஆடியில் இவர் வடபழநி முருகனுக்கு முடி கொடுக்கிறார். என் உயிருக்கான நேர்த்திக்கடன். வராத ஆபத்துக்கு நன்றி! நானும் பக்கத்தில் நின்று கைகூப்புகிறேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இந்த ஆண்டும் போய் வந்தோம். நடுக்கூடத்தில் செல்வியின் மகள் இவர் மடியில் ஏறி, சந்தனம் பூசிய தலையைத் தடவிக் கேட்டாள்: "எதுக்குப் பெரியப்பா மொட்ட?"

"பெரியம்மாவ சாமி எனக்குத் திருப்பித் தந்துச்சுல்லா, அதுக்குத்தான்."

குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இவரும் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.