கொழுப்பெடுத்த கோவிந்தம்மா

முதல் ஈடு பஜ்ஜியில் ஒன்றைப் பிய்த்து, ஊதி ஊதித் தன் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் கோவிந்தம்மா அடுத்தவருக்குப் பொட்டலம் நீட்டுவாள். "வெந்துகீதா இல்லியான்னு நம்ம வாய் மொதல்ல சொல்லணும்பா" என்பாள். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தை ஒட்டித் தள்ளுவண்டி. ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்கள் நேரே அங்கேதான் வருவார்கள். மிளகாய் பஜ்ஜிக்கும் பேர் போனவள், வாய்ச்சண்டைக்கும் பேர் போனவள்.

அந்தச் சண்டையில் சரிபாதி, கூடவே நின்று வாழைக்காய் சீவும் கணவர் முனிரத்தினத்தோடு. "கொழுப்பாடி உனக்கு?" என்று கேட்காமல் அந்த மனிதர் ஒரு காயைச் சீவியதில்லை. மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் ஆகி, முடியெல்லாம் கொட்டி, அவள் எலும்பும் தோலுமாக வீடு திரும்பியதும் அந்தக் கேள்வி நின்றுபோனது. "சாப்டியாம்மா? செத்த படுத்துக்கம்மா" என்று ஒரே மரியாதை. நோயைவிட அந்த மரியாதைதான் அவளைக் கலங்க அடித்தது.

"சாவப்போறவகிட்ட பேசற மாரியே பேசறாருக்கா" என்று பக்கத்துப் பூக்கடை ராஜம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

இரண்டு வருடத்தில் முடி வளர்ந்தது, கன்னம் உப்பியது, வண்டியும் தெருவுக்கு வந்துவிட்டது. மரியாதை மட்டும் போகவில்லை. போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது, ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. மற்றவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். கோவிந்தம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை.

"எனக்குக் கொழுப்பு ஏறிகீதாம்! டாக்டரம்மாவே சொல்ட்டாங்க!" என்று பூக்கடை, டீக்கடை, டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் வரை சொல்லி, ஆளுக்கொரு பஜ்ஜியும் ஓசியில் கொடுத்தாள்.

கொழுப்பைக் குறைக்கக் கொடுத்த மாத்திரைகள் மட்டும் முந்தானை முடிச்சிலேயே கிடந்தன. அரும்பாடுபட்டு வந்த சதையல்லவா! அதைக் கரைத்துவிட்டு மறுபடி எலும்பாகிவிட்டால்? முனிரத்தினம் கெஞ்சிப் பார்த்தார். முடியாமல், டாக்டரம்மாவிடமே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"சதை கரையாது கோவிந்தம்மா. ரத்தத்துல இருக்கறதுதான் குறையும். அப்படியே விட்டா பத்து இருபது வருஷம் கழிச்சு மாரடைப்பு வரலாம். அதுக்குத்தான் இப்பவே மாத்திரை. பஜ்ஜியையும் விட்டுடுங்க."

பஜ்ஜி அவள் காதில் விழவே இல்லை. "இருவது வருசமா? அம்மாம் நாள் நான் இருப்பனாம்மா?"

"இருப்பீங்கன்னு நம்பித்தானே எழுதிக் குடுத்தேன்?"

கோவிந்தம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். முனிரத்தினம் தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுகிற ஆண்பிள்ளையை அவள் அன்றுதான் பார்த்தாள். வழியெல்லாம் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தாள்.

அன்று சாயங்காலம் முதல் ஈடு பஜ்ஜி எழும்பியது. பழக்கதோஷம், ஒன்றைப் பிய்த்து ஊதத் தொடங்கிவிட்டாள்.

வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. "டாக்டரு இன்னா சொல்லிக்கீறாங்க, நீ இன்னா பண்ற? கொழுப்பாடி உனக்கு?"

பூக்கடையில் ராஜம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோவிந்தம்மா பஜ்ஜியைத் தட்டில் போட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கணவர் முகத்துக்கு நேரே நாக்கை நீளமாக நீட்டிக் காட்டினாள்.