பூக்குழியில் தெரியாத சூடு

முதலில் பனிமூட்டம் என்றுதான் நினைத்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில் மலைச்சரிவு பாதி வெள்ளையாகிவிட்டது. நல்ல வெயில் வந்தும் அந்த வெள்ளை விலகவில்லை. இடது கண்ணைப் பொத்தினால் மலை பளிச்சென்று தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினால் மலையே இல்லை. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சில வாரங்களில் கண் தானாகத் தெளிந்தது. அடுத்த மழைக்காலத்தில் கால் போனது. தரை இலவம்பஞ்சாகிவிட்டது போலவும் நான் அதன்மேல் மிதப்பது போலவும் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், முதல் நாள் அது சுகமாகக்கூட இருந்தது. பிறகு கூடையோடு விழ ஆரம்பித்தேன். காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி, எல்லோர் முன்னாலும் என்னை வேலைக்கள்ளி என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் மட்டும் என்னை நம்பினார். மருமகளுக்கு நடை திரும்பினால் போதும், இருவரும் தீ மிதிக்கிறோம் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? என் கால் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். திருவிழாவுக்குள் விழாமல் நடக்க வந்துவிட்டது, தரை மட்டும் பஞ்சாகவே இருந்தது. மஞ்சள் சேலை கட்டி, மாமியார் கையைப் பிடித்துப் பூக்குழியில் இறங்கினேன். கீழே சிவப்பு, சுற்றிலும் தப்பு மேளச் சத்தம், புகைக்குள் முகங்கள். தூக்கத்தில் நடப்பது போலக் கடந்தேன்.

“பூ மாதிரி இருந்துச்சா புள்ள?” என்று மாமியார் கேட்டார்.

“ஒண்ணுமே தெரியலைங்க அத்தை.”

உண்மையைத்தான் சொன்னேன். வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயமே என்னைக் கும்பிட்டது, கங்காணியும் சேர்ந்து.

மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம், வலி மட்டும் இல்லை. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துபோய், மாட்டுவண்டியில் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். யாழ்ப்பாணத்து டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

“குத்துறது தெரியுதோ பிள்ளை?”

கண்ணைத் திறந்தபோது ஊசி என் காலில் நின்றது. முன்பு கண் மங்கியதுண்டா என்று அவராகவே கேட்டார். இரண்டும் ஒரே நோய், மூளையிலும் முதுகுத்தண்டிலும் அங்கங்கே தழும்பேறுகிறது, வரும், போகும், மறுபடியும் வரும் என்றார். மருந்து இன்னும் யாரிடமும் இல்லையாம். சூடு ஆகாது, வெந்நீரில்கூடக் குளிக்காதே என்றார். கொழும்பில் இதைப் படித்த ஒருவருக்கு எழுதிக் கேட்பதாகவும் சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. நான் கள்ளி இல்லை.

திரும்பி வந்தபோது லயத்து வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். அம்மன் காத்த காலாம். ஒருத்தி தன் கைக்குழந்தையின் கையை எடுத்து, ஆஸ்பத்திரியில் போட்ட கட்டுக்கு மேலே என் கணுக்காலில் வைத்தாள். குனிந்து பார்த்துத்தான் அந்தக் கை அங்கே இருப்பதைத் தெரிந்துகொண்டேன்.