டாக்டரம்மாவின் நெய்க்கரண்டி

டாக்டரம்மாவின் மேசையில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு நெய்க்கரண்டி கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து முழிப்பார்கள். அந்தத் திண்டுக்கல் கிளினிக்கில் நர்ஸாக இருந்த எனக்கு, அவர்களுக்கு விளக்கம் சொல்வது கூடுதல் வேலை.

டாக்டரம்மா நெய்ப் பைத்தியம். கருவாட்டுக் குழம்புக்குக்கூட நெய் கேட்கிற நாக்கு. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம், "நெய், வெண்ணெய், தேங்காய் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" என்று ஒரே போடாகப் போடுவார். செம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவருக்கும் அப்படித்தான் சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டார், அந்த வீடு மறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெரியவரின் மருமகள் தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றரை வயதுப் பிள்ளை, தோளில் ஈரத்துணியாகக் கிடந்தது. எடை ஏறவே இல்லை. எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது, ஒன்றும் தட்டுப்படவில்லை. பிள்ளை தங்காதோ என்று எனக்குள் பயம் வந்துவிட்டது. மதுரைக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, என்ன சாப்பிடக் கொடுக்கிறாய் என்று கேட்டார்.

"ரசஞ்சோறுதான் டாக்டரம்மா. பாலும் ஆடை எடுத்துட்டுத்தான் குடுக்கேன். மாடு நிக்குது, வெண்ணெய் அம்புட்டையும் வித்துருவோம். நீங்க நெய்யை நிப்பாட்டச் சொன்ன மாமா வறட்டுச் சோறு திங்கையில நாங்க மட்டும் நெய் ஊத்தித் திங்க மனசு வரலை. புள்ளைக்கும் அதே சோறுதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவருக்குச் சொன்ன பத்தியத்துல இந்தப் புள்ள இருந்திருக்கு" என்றார் என்னிடம். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "தப்பு என்னுது. வளர்ற புள்ளைக்குக் கொழுப்பு வேணும். நெய்யும் தேங்காயும் விஷமில்ல. ஆளைப் பாத்துத்தான் அளவு. அதை நான் சொல்லாம விட்டுட்டேன்."

தன் சாப்பாட்டுக் கேரியரிலிருந்து பருப்புச் சோற்றை எடுத்துக் குழைத்து, கரண்டியில் நெய்யை அளந்து ஊற்றி, தானே ஊட்டினார். பிள்ளை உதட்டை நக்கியது. அடுத்தடுத்து வந்தபோது கன்னம் தெரிந்தது, பிறகு சேட்டையும் தெரிந்தது. கரண்டி மேசையிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து யாருக்குப் பத்தியம் சொன்னாலும், "வீட்டுல வேற யாரு யாரு இருக்கீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார். நெய் நல்லதா கெட்டதா என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு என்ன தெரியும்? கூட்டத்துக்கு முன்னால் தன் தப்பைச் சொன்ன டாக்டர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவர் இதயத்திலேயே ஸ்டென்ட் இருக்கிறது. நெய்யைத் தொடுவதில்லை. மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டில் வெறும் பருப்புச் சோறு. எனக்குப் போட அதே கரண்டியில் நெய்யை எடுத்தார். அவருக்கு இல்லாத நெய் எனக்கு எப்படி இறங்கும்? என்னை அறியாமல் தட்டைக் கையால் மூடிவிட்டேன். அந்த மருமகளின் மனசு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கையை எடு" என்றார் டாக்டரம்மா. "இது எனக்குச் சொன்ன பத்தியம். உனக்கில்ல."

கையை எடுத்தேன். கரண்டி நிறைய ஊற்றினார்.