கோழிக் கழிவு போன இடம்

கிள்ளானில் எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரு கோழிக் கடை இருந்தது. அப்பா ஆரம்பித்த கடை, அவருக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். காலையில் உயிர்க் கோழி லோரியில் வந்து இறங்கும். அறுப்பதற்கு ஒரு பாய் வருவார். இறகு பிடுங்கும் இயந்திரம் அண்ணன் பொறுப்பு. வெட்டுவதும் விற்பதும் நான்.

வாங்க வருகிறவர்கள் கறியை மட்டும்தான் பார்ப்பார்கள். அந்தக் கறிக்குப் பின்னால் எவ்வளவு குப்பை என்பது கடை நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். குடல், இறகு, ரத்தம், தலை. மத்தியானத்துக்குள் அது கடையைவிட்டுப் போகவில்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். சாதாரணக் குப்பையோடு அதைப் போடக்கூடாது. லோங்காங்கில், அதுதான் தெருச் சாக்கடையில், தள்ளக்கூடாது. அனுமதி பெற்ற ஆளிடம் கொடுக்க வேண்டும், அவர் அதை ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வேகவைத்து அரைத்துத் தீவனத்துக்குச் சேர்ப்பார்கள். ரத்தத்தை நேராக லோங்காங்கில் விட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் விட்டதில்லை. எல்லாவற்றையும் பெரிய நீலப் பீப்பாய்களில், நாங்கள் தோங் என்று சொல்கிறவற்றில், சேர்த்து, மூடி போட்டு வைப்போம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சட்டப்படி நடந்துகொண்டால் யாரும் நம்மிடம் கேள்வி கேட்டு வரமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கழிவு எடுக்க வருகிறவரும் தமிழர்தான். கடைக்காரர்கள் எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். லோரியின் கதவில் அனுமதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நெற்றியில் விபூதி, வாயில் சிரிப்பு. கோயில் கமிட்டியிலும் இருந்தார்.

“அக்கா, உங்க தோங் மாதிரி கிளீனா யாருமே வைக்கறதில்ல லா,” என்பார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஒருநாள் கடையில் நல்ல கூட்டம். ஒரு பெண், நடுத்தர வயது, ஃபேக்டரியில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் போடும் சட்டை, கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். வரிசையில் நிற்காமல் நேராக முன்னால் வந்து மேஜையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டார். சேறும் காய்ந்த ரத்தமும் படிந்த பை. சேவல் படமும் எங்கள் கடைப் பெயரும் அதில் தெரிந்தன.

“இது உங்க கடைப் பைதானே?”

கறி கெட்டுப்போயிருந்தது என்று சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். “ஆமா, என்னாச்சி?” என்றேன்.

“எங்க வீட்டுக்குப் பின்னால கெடந்துச்சி. இது ஒண்ணு மட்டும் இல்ல.”

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். “கோழி வாங்கிட்டுப் போனவங்க யாராவது வீசியிருப்பாங்கம்மா.”

“கோழி வாங்குறவங்க கொடலைத் தோங் தோங்காவா வாங்கிட்டுப் போவாங்க?” என்று கேட்டார் அந்தப் பெண். “வந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க.”

வரிசையில் நின்ற சிலர் நகர்ந்து வெளியே போனார்கள். அண்ணன் முகம் கறுத்தது. கிழிந்த பைகளையும் அச்சு பிசகிய பைகளையும் எங்கள் வேலையாட்கள் கழிவுத் தோங்கில்தான் போடுவார்கள். அது எனக்குத் தெரியும்.

அன்று கடை சாத்தியதும் அந்தப் பெண்ணின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வேனை ஓட்டிக்கொண்டு போனேன். காப்பார் பக்கம், தொழிற்பேட்டை தாண்டி உள்ளே. முன்பு அது செம்பனைத் தோட்டம். நிலத்தை யாரோ வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மரங்களை வெட்டிவிட்டு அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளில் கொஞ்சம் பேர் மட்டும் போகாமல் இருந்தார்கள். அந்தப் பெண்ணும் அதில் ஒருவர். புருஷன் இல்லை, ஒரே மகள், படிக்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து ஒரு ஓடைக்குப் போகிறது. அந்தச் சரிவு முழுக்கக் கோழிக் கழிவு. ஓடைத் தண்ணீர் ஓடவில்லை. மேலே ஆடை கட்டியதுபோல் நெய் படிந்து நின்றது. புதர்களில் இறகு அப்பிக் கிடந்தது. நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. நான் போய் நின்றதும் உடும்பு மாதிரி ஒரு பெரிய பியாவாக் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. எனக்கு வாந்தி வந்தது. நான் கோழிக் கடைக்காரி, கோழிக் குடலோடு வளர்ந்தவள். எனக்கே வந்தது.

“வீட்டுக்குள்ள வாங்க,” என்றார் அந்தப் பெண்.

நடுக்கூடத்தில் உத்தரத்திலிருந்து ஒரு கொசுவலை தொங்கியது. கட்டில் இல்லை. வலைக்குள் பாய், பாய்மேல் சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, இரண்டு தட்டு. வலைக்கு வெளியே கறுப்பாக ஈ மொய்த்துக் கிடந்தது.

“இதுக்குள்ள உக்காந்துதான் சாப்பிடறோம் அக்கா. இல்லன்னா ஒரு வாய் வைக்க முடியாது.”

 

மறுநாள் பாஸ் வந்ததும் கேட்டேன். அவர் சிரிப்பு மாறவே இல்லை. “டிரைவர் பண்ணின வேலை அக்கா. பங்களாதேஷ்காரன், ஆலை தூரம்னு சொல்லி எங்கயாவது கொட்டிட்டு வந்துடுறான். நான் பாத்துக்கறேன் லா, நீங்க மனச அலட்டிக்காதீங்க.”

அண்ணனுக்கு அது போதும். எனக்கும் கொஞ்ச நாளைக்குப் போதுமாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பெண் வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். லோரி பின்பக்கமாகச் சரிவுக்கு வருகிறது. ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘வா வா, இன்னும் வா’ என்று கையைக் காட்டுகிறார். அது டிரைவர் இல்லை. பாஸ்.

அண்ணனிடம் காட்டினேன். புகார் செய்யப் போகிறேன் என்றேன்.

“பைத்தியமா உனக்கு? அவன் வரலன்னா நாளைக்கு இந்தத் தோங்கை எங்க கொண்டு போவ? உன் வீட்டுக்கா?”

“அந்தப் பொம்பளை கொசுவலைக்குள்ள உக்காந்து சாப்பிடறாண்ணே.”

“அதுக்கு நம்ம கடைய சாத்தணுமா?”

“நாம ஒழுங்காத்தானே குடுத்தோம். நமக்கு என்ன பயம்?”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை. பரிதாபம்.

அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார், நாற்காலி போடச் சொன்னார், வீடியோவை ஒன்றுக்கு இரண்டு தடவையாகப் பார்த்தார். உங்களைப் போல நாலு பேர் இருந்தால் எங்கள் வேலை சுலபம் என்று மலாயில் சொன்னார். வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்தோம். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாரிகள் முதலில் வந்தது எங்கள் கடைக்கு.

பையில் இருந்தது எங்கள் பெயர். கழிவு யார் கடையில் உண்டாகிறதோ அவர்தான் அது சேர வேண்டிய இடம் சேரும்வரை பொறுப்பு என்றார்கள். “புகார் கொடுத்ததே நான்தானே” என்றேன். “தெரியும் அக்கா, ஆனால் அங்கே கிடந்தது உங்கள் கழிவு” என்றார் வந்தவர். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். கடையைச் சில வாரங்களுக்கு மூடச் சொன்னார்கள். கதவில் அறிவிப்பை ஒட்டியபோது எதிர்க் கடைக்காரர் கைப்பேசியில் படம் எடுத்தார்.

பாஸ் விஷயம் என்ன ஆனது என்று கேட்கப் போனேன். வீடியோவில் நம்பர் பிளேட் சேறு மூடித் தெரியவில்லை, அந்த லோரியை அவர் ஏற்கெனவே விற்றுவிட்டதாகச் சொல்கிறார், விசாரணை நடக்கிறது என்றார்கள். அது எப்போது முடிந்தது, முடிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மற்றக் கோழிக் கடைகளுக்கும் சோதனைக்குப் போனார்கள். அதன் பிறகு பாசாரில், அந்தச் சந்தை முழுக்க, என்னோடு பேச ஆள் இல்லை. ஐஸ் கொண்டுவந்து போடுகிறவர்கூட எதிரில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆலைக்கு நானே பேசினேன். சின்னக் கடை ஒன்றுக்காக லோரி அனுப்ப முடியாது, நாலைந்து கடைகள் சேர்ந்து வாருங்கள் என்றார்கள். யாரிடம் போய் நான் கேட்பது?

கடை திறந்த அன்று கழிவு எடுக்க ஒரு புதிய லோரி வந்து நின்றது. வேறு நிறம், வேறு ஸ்டிக்கர். இறங்கி வந்தவர் அதே பாஸ். அண்ணன் தோங்கை உருட்டிக் கொடுத்தார்.

“இவன்கிட்டேயா?” என்றேன்.

“வேற யாருகிட்ட? நீயே சொல்லு,” என்றார்.

ஏப்ரனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

அந்தப் பெண் போன் செய்தார். “அக்கா, ஈ போயிடுச்சி. எங்களையும் போகச் சொல்லிட்டாங்க.”

விளங்காமல் கேட்டேன். நிலத்துக்காரர்களுக்கு உத்தரவு போயிருக்கிறது, உங்கள் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று. அவர்கள் இயந்திரம் கொண்டுவந்து, கழிவின் மேலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, சுற்றித் தகர வேலி போட்டார்கள். ஆள் இருப்பதால்தான் இடம் அசுத்தமாகிறது என்று சொல்லி லயத்துக்காரர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நான் போனபோது சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்க மேல கோவம் இல்லக்கா. என்னைக்கி இருந்தாலும் வெரட்டத்தான் போறாங்க. மகளுக்குப் பரீட்ச முடியட்டும்னு நெனச்சேன், அதுதான்.”

ஷா ஆலத்தில் ஒரு அடுக்குமாடியில், தங்கை வீட்டில் ஒரு அறைக்குப் போனார்கள். கொஞ்ச நாள் பேசிக்கொண்டோம். பிறகு அவர் நம்பர் மாறிவிட்டது.

நான் இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்துபோகிறேன். அந்தக் கடையின் எண்ணெயும் எலும்பும் எங்கே போகின்றன என்று நான் கேட்பதில்லை.

போன வருஷம் அண்ணன் மகள் கல்யாணம். அத்தை போகாமல் இருக்க முடியுமா? மண்டபத்தில் முதல் வரிசையில் பாஸ் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர்களுக்குப் பொன்னாடை போட்டார்கள், அவருக்கும் போட்டார்கள். நான் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் கோழிப் பெரட்டல் வைத்தார்கள். அவர் பந்தி விசாரித்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

“எப்படி இருக்கீங்கக்கா? பாத்து ரொம்ப நாளாச்சி. நல்லா சாப்பிடுங்க.”

அண்ணன் தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மகள் கல்யாணத்தில் நான் எங்கே வாயைத் திறந்துவிடுவேனோ என்று.

“சாப்பிடறேன் பாஸ்,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நான் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.