தொடக்கூடாத உருண்டை

அந்த உலோக உருண்டையை இன்று ராத்தாவின் பேரப்பிள்ளைகள் சிமெந்துத் தரையில் உருட்டி விளையாடுகிறார்கள். ஒரு காலத்தில் எதுவுமே அதைத் தொடக்கூடாதென்று மச்சான் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார் என்றால் இதுகள் நம்புமா?

என் மூத்த சகோதரியான ராத்தாவைக் கட்டி, எங்கள் வழக்கப்படி கல்முனையில் எங்கள் வீட்டுக்கே வந்தவர் மச்சான். வந்தார் என்று பேர்தான். எண்பதுகளில் வெளிநாட்டில், விண்வெளியில் பூமியைச் சுற்றிவர ஒரு செய்மதியை வடிவமைக்கும் கூட்டத்தில் இருந்தார். பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லையாம். அந்த வித்தியாசத்தை மேலே நின்று அளக்கத்தான் அது. உம்மாவின் கவலை வேறு.

"மதி எண்டா நிலாதானே மருமகன்? நீங்க ஒண்டச் செஞ்சு அனுப்பினா, பெருநாள் பிறை பாக்கிற ஆக்கள் குழம்பிருவாங்களே!"

"அது கண்ணுக்குத் தெரியாது மாமி" என்றார் மச்சான், சிரிக்காமல்.

ஒரு நோன்பு மாதம் லீவில் வந்திருந்தார். இருபத்தொன்பதாம் நோன்பு. மறுநாள் பின்னேரம் அவருக்குப் பயணம். பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள், ராத்தாவோடு பகல் சோறாவது தின்னலாம். தெரியாவிட்டால் நோன்போடு பஸ் ஏற வேண்டியதுதான். நோன்பு திறந்த கையோடு வளவில் நின்று மேற்கே, சம்மாந்துறைப் பக்கம் பார்த்தோம். ஒரே மேகம்.

"அந்தச் செய்மதிக்குள்ள என்னதான் இரிக்கி?" என்று கேட்டாள் ராத்தா.

மச்சான் ஒரு பேரீச்சம்பழத்தைச் சுற்றி இரு கைகளையும் குவித்துக் காட்டினார். "நடுவுல ஒரு உருண்டை. எதுவும் அதத் தொடப்படாது, தொட்டா அளவு பிழைச்சிரும். பூமி இழுக்கிற இழுப்புக்கு மட்டும் அது போகும். அதச் சுத்தி இரிக்கிற பெட்டி முட்டாமக் கூடவே போகோணும். அதுதான் எங்கட பாடு."

ராத்தா மேற்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தொடாமக் கூடப் போறதா? அதப் படிக்க ஏன் அவ்வளவு தூரம் போனீங்க? நம்மட கலியாணத்தப் பாத்தாப் போதுமே."

உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மச்சானின் முகம் சுண்டிப்போயிற்று. பிறை தெரியவில்லை, வானொலியும் அதையே சொன்னது. மறுநாள் அவர் போய்விட்டார். பெருநாளன்று ராத்தா புதுச் சேலையை உடுக்கவில்லை.

அந்தச் செய்மதி மேலே போகவேயில்லை. பாதி கட்டிய நிலையில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மச்சான் இடிந்துபோய் ஊரோடு வந்து சேர்ந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ராத்தாவை நினைக்கச் சந்தோசமாகவும் இருந்தது. பரிசோதனைக்காகக் கடைந்த உருண்டை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை உள்ளங்கையில் வைத்து ராத்தாவிடம் நீட்டினார்.

"இத இனித் தொடலாமா?" என்றாள்.

"ஓம். இனித் தொடலாம்."

ராத்தா உருண்டையை எடுக்கவில்லை. உம்மாவும் நானும் நிற்கிறோமென்றும் பாராமல், அது இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது உருண்டை கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. பிள்ளைகள் கத்த, நரைத்த தாடியோடு மச்சான் குனிந்து துழாவுகிறார்.

"தலை முட்டிரும், பாத்து!" என்று சத்தம் போடுகிறாள் ராத்தா, அவர் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு.