அப்பப்பாவுக்கு நான் கொடுத்த ஊர்

மாமிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. லண்டனில் பிறந்து, இங்கிலிஷ் மட்டுமே பேசி, ஹவுன்ஸ்லோவில் தனியாக வாழ்பவர். ஒவ்வொரு கோடையிலும் பால்கன் மலைப்பக்கம் ஓர் ஊருக்குப் போய் வருகிறார். அது தன் தகப்பன் பிறந்த ஊர் என்று நம்புகிறார். அங்கே அவருக்கு மூன்று மச்சாள்மார் கிடைத்திருக்கிறார்கள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அவர்கள் பின்னிய கம்பளிக் காலுறை தபாலில் வரும், எனக்கும் ஒரு சோடி. அதைப் போடும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும். ஏனென்றால் அந்த ஊரை மாமியின் தகப்பனுக்கு, என் அப்பப்பாவுக்கு, கொடுத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பப்பா இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு யூகோஸ்லாவியாப் பக்கமிருந்து ஆஸ்திரியாவில் ஒரு முகாமுக்கு வந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்தவர். அதற்கு முந்திய கதை அவர் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. வயதான பிறகு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்களோடுதான் இருந்தார். அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. வீட்டுக்கு வருகிற எவரிடமும் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஊர் எது என்று கேட்டுவிடுகிற சனம் அம்மாவின் சனம். அவர்கள் அப்பப்பாவையும் விடவில்லை. ஒருவருக்கு அவர் அத்திமரங்கள் நிற்கும் கடற்கரை என்றார். இன்னொருவருக்கு ஏரிக்கரைப் பட்டணம். மூன்றாமவருக்கு, இரண்டு பாஷையில் இரண்டு பெயர் உள்ள ஒரு மலைக் கிராமம். "மனிசன் எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்துது" என்று சிரித்துவிட்டு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

எனக்கு அவர் ஊர் முக்கியமாக இருக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் மூன்றேகாலுக்கு நிற்பவர் அவர். கோட்டுப் பையிலிருந்து ஆப்பிளை எடுத்து, பேனாக்கத்தியால் சீவி, ஒவ்வொரு துண்டாக வீடு வரைக்கும் தருவார். அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றே ஒன்றுதான். வீட்டு மணி அடித்தால் பின்கதவால் தோட்டத்துக்குப் போய்விடுவார். வந்தவரின் குரல் கேட்டு, இன்னார் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வருவார். அவருக்கு விருந்தாளிகளைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் சின்னம்மா, அம்மாவின் தங்கை, ஊரிலிருந்து வந்து என் அறையில் இருந்தார். அவருடைய அகதிக் கேஸை ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள். முதல் விசாரணையில் ஆமிக்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார்கள் என்றும், இரண்டாம் விசாரணையில் புதன்கிழமை என்றும் சொல்லிவிட்டாராம். வந்தது உண்மை. ஆனால் அது எடுபடவில்லை. அப்பீல் வருமுன் அம்மா தினமும் குசினி மேசையில் அவரை இருத்தி வைத்து, தமிழில் ஒருமுறையும் இங்கிலிஷில் ஒருமுறையும் கேள்வி கேட்பார்.

"முன்வாசலில நிண்டு பார்த்தா என்ன தெரியும்?"

"கிணறு. அதுக்கங்கால மாதா சுருவம். அதுக்கங்கால ரோட்டு."

"அப்பிடியே சொல்லு. ஒருக்கா ஒண்டு, மற்றொருக்கா வேறொண்டு சொன்னியெண்டா அனுப்பிப்போடுவாங்கள்."

அப்பப்பா யன்னலோரக் கதிரையில் பேப்பரைப் பிடித்தபடி இருப்பார். நான் கணக்குச் செய்துகொண்டிருப்பேன். உண்மையைச் சொல்வதைவிட ஒரே மாதிரிச் சொல்வதுதான் பெரிது என்று அந்த மேசையில்தான் படித்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமிக்கு வேர் தேடும் ஆசை வந்தது. சனிக்கிழமைகளில் நீலக் கோப்பும் டேப் ரெக்கார்டருமாக வந்து அப்பப்பாவைக் கேட்பார். ஒரு சனி அத்திமரம், மறு சனி ஏரி. மாமி ஒவ்வொன்றையும் எழுதித் திகதி போட்டார். அப்புறம் ஒருநாள், இரண்டு வாரத்தில் ஒரு அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார், அப்பப்பாவைச் சில கேள்விகள் கேட்டுப் பதிவு செய்வார் என்றார். தொலைந்த சொந்தக்காரர்களைத் தேடித் தருகிற அலுவலகம் அது. என் காதில் விழுந்தது அலுவலகம், கேள்வி, பதிவு ஆகிய மூன்றும்தான். சின்னம்மாவின் ஒரு நாள் பிசகுக்கே அந்தப் பாடு. அப்பப்பாவிடம் மூன்று ஊர் இருந்தது.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை அனுப்பிவிட்டால் மூன்றேகாலுக்கு வாசலில் யார் நிற்பார்கள்? அம்மாவிடம் சொல்லவும் பயம். சின்னம்மாவின் கேஸே அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூட அட்லசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யூகோஸ்லாவியா என்று அதில் ஒரு நாடே இல்லை என்றதும் பயம் இன்னும் கூடியது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவாக, ஆற்றோரத்தில், சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொருந்தட்டும் என்று அதைத் தெரிந்தெடுத்தேன். பெயரை இங்கே எழுத மாட்டேன், யாராவது மாமிக்குச் சொல்லிவிடுவார்கள்.

அம்மா ஷிப்ட் முடிந்து வருமுன் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அப்பப்பாவை மேசையில் இருத்தி, அம்மாவின் குரலில் கேட்பேன். ஊர் எது, ஆறு எது, கோயிலில் எத்தனை மணி தொங்கும். ஒன்று என்று வைத்தோம், மறக்காது. தாயின் பெயரை மட்டும் நான் கொடுக்கவில்லை. கேட்டதும் சொன்னார், கேட்ட ஒவ்வொரு நாளும் அதே பெயரைச் சொன்னார். அவர் ஒருநாளும் சிரிக்கவில்லை. பிழை விட்டால் தானே முதலிலிருந்து தொடங்குவார்.

கடைசி நாள் எல்லாம் சரியாகச் சொல்லி முடித்ததும், மேசைக்குக் குறுக்கே குனிந்து, தன் உடைந்த இங்கிலிஷில் மெல்லக் கேட்டார்.

"இதையே சொன்னால் என்னை அனுப்ப மாட்டார்களா?"

மாட்டார்கள் என்று உறுதியாகச் சொன்னேன். போதும் என்பதற்கு அம்மாவிடம் படித்த சொல்லை அவர் சொன்னார்: "காணும்." நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு டீச்சர் தரும் தங்க நட்சத்திரம் ஒன்று என் புத்தகத்தில் இருந்தது. அதை உரித்து அவர் கோட்டில் ஒட்டிவிட்டேன்.

அந்த அலுவலக மனிதர் வந்து மணி அடித்தபோது அப்பப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் கை குளிர்ந்திருந்தது. வந்தவர் நல்லவர். அம்மாவின் மட்டன் ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்கத் தொடங்கினார். ஊர், ஆறு, மணி, தாயின் பெயர். அப்பப்பா ஒன்றிலும் தடுமாறவில்லை. மாமியின் கண் கலங்கியது. நான் ரோல்ஸ் தட்டோடு கதவடியில் நின்று விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, சும்மா கதைப்பதுபோல, உங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டார்.

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பப்பா என்னைப் பார்த்தார். முடிந்தது, அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"கிணறு," என்றார் அப்பப்பா. "அதற்கு அப்பால் மாதா சிலை. அதற்கு அப்பால் ரோடு."

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. சின்னம்மா குசினி வாசலில் வந்து நின்று அம்மாவைப் பார்த்தார். அம்மா உதட்டில் விரலை வைத்தார். வந்தவர் மகிழ்ச்சியோடு எழுதினார். மாதா சிலை இருந்தால் கத்தோலிக்க ஊர், அது தேடலுக்கு உதவும் என்று மாமிக்கு விளக்கினார்.

உண்மையில் உதவவும் செய்தது. அப்பப்பாவின் தாயின் பெயர் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்திக்கு இருக்கும் பெயராம், மச்சாள்மார் அப்படித்தான் கிடைத்தார்கள். ஊரில் ஒரு மாதா சிலையும் இருக்கிறதாம். கிணற்றைத்தான் காணவில்லை, மூடிவிட்டிருப்பார்கள் என்கிறார் மாமி. யாழ்ப்பாணத்தில் அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது.

சின்னம்மாவின் அப்பீல் வென்றது. அப்பப்பாவையும் யாரும் அனுப்பவில்லை. இரண்டுக்கும் நான்தான் காரணம்போல நடந்துகொண்டேன். அதற்குப் பிறகு எவர் கேட்டாலும் அப்பப்பா அந்த ஓர் ஊரைத்தான் சொன்னார்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் இறந்துபோனார். கோட்டின் உள்பையில், மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டிய ஒரு தாள் இருந்தது. அவர் பிரிட்டிஷ் குடிமகன் என்ற சான்றிதழ். அப்பா பிறப்பதற்கு முந்தியே கொடுத்தது. பால் வாங்கப் போனாலும் அதைக் கொண்டுதான் போவார் என்று அம்மா சொன்னார். அந்த ஆஸ்திரிய முகாமில் ஊர் பார்த்துத்தான் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அப்பாவுக்கும் செத்தவீட்டுக்கு வந்த யாரோ சொல்லித்தான் தெரியவந்தது.

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில், மங்கிப்போய், என் தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது.

ஒன்பது வயதில் எனக்கிருந்த பயம் உண்மையானது. அவர் எனக்காகச் சும்மா விளையாடுகிறார் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.