நீலப் பைக்காரன் நேபாளம் போனான்

விடுதியில் பயணிகள் விட்டுப்போகும் பைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பதினெட்டு வருடமாக மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருக்கிறார்.

நீலப் பைக்காரன் பையை இவரிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி நேபாளம் போனான். வெள்ளிக்கிழமை போன்தான் வந்தது. மலை பிடித்துவிட்டதாம். பிறகு இந்தியாவுக்குள் இறங்கி ஏதோ கடற்கரை, அப்புறம் மறுபடி நேபாளம். ஒவ்வொரு முறையும், "நாளன்னிக்குக் கண்டிப்பா வந்துடுவேண்ணே" என்பான்.

பைக்குள் ஈரக் காலுறையோ பாதி தின்ற எதுவோ அழுகிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் அவர் சட்டையில் ஏறி வீடுவரை வந்தது.

"குளிச்சிட்டு வந்து உக்காருங்க, குமட்டுது" என்று மனைவி தட்டைத் தள்ளிவைத்தாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாளாகியும் அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. லீவு கேட்டால் மேலாளர், "அந்தப் பையன் வந்தா யாரு எடுத்துக் குடுப்பா? நாத்தமா இருந்தா மூக்கை மூடிக்கங்க" என்றார்.

ஐந்தாவது போன் வந்தது. இன்னும் ஒரு வாரமாம். அவர் போனை வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பையைத் தூக்கினார். அடியிலிருந்து கொழகொழவென்று எதுவோ கையில் வழிந்தது. நேராக மேலாளரின் ஏசி அறைக்குப் போய் மேசைக்கடியில் வைத்தார்.

"வந்தா நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க சார்."

மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "எங்கயாவது கொண்டுபோய்த் தொலைச்சிடுங்க. எத்தனை நாள் லீவு வேணும்?"

பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவர் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். குழந்தையைத் தூக்கப்போகிற கை.